சிலியில் ஒரு ஆர்.சி. புக்

நாள் 1, மார்ச் 4. சாண்டியாகோ

வந்து சேர்ந்துவிட்டேன். விமானப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, கால் வீங்கியதைத் தவிர. குடியேற்றத்தில் 90 நாள் என்று ஒரு சின்னச் சீட்டு கொடுத்தார்கள். "இதைத் தொலைச்சிடாத, எல்லாத்துக்கும் கேப்பாங்க" என்று அழைத்துப்போக வந்திருந்த அக்கா சொன்னார். கூடப்பிறந்த அக்கா இல்லை. கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர், திருநெல்வேலிக்காரர், இங்கே மென்பொருள் வேலை. ன்யூன்யோவா பகுதியில் மூன்றாவது மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் ஆண்டிஸ் மலை.

இங்கிருந்து ஆர்ஜென்டினாவுக்குப் பைக் ஓட்ட வருகிறேன் என்றதும் பலரும் கேட்டது, உன் வண்டியையே கொண்டுபோகலாமே என்றுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையிலிருந்து கப்பல் கூலி, பெட்டி அடிக்கும் கூலி, இரண்டு பக்கமும் துறைமுகச் செலவு, வண்டி வந்து சேரும்வரை காத்திருப்பு. வாடகைக்கு எடுத்தாலோ, இரண்டு மாத வாடகையில் ஒரு பழைய பைக்கே வாங்கிவிடலாம். ஆனால் வாங்கினால் யார் பெயரில் பதிவது? பல நாடுகளில் இந்த இடத்தில்தான் கதை முடிந்துவிடும். வியட்நாமில் பயணிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி ஓட்டும் பைக்குகளின் நீலப் பதிவு அட்டையில் பெரும்பாலும் என்றோ ஒரு நாள் அதை வாங்கிய உள்ளூர்க்காரர் பெயர்தான் இருக்கும். சிலியில் அப்படி இல்லை. சுற்றுலாவுக்கு வந்தவரும் தன் பெயரிலேயே வண்டி வாங்கிப் பதிந்துகொள்ளலாம். நான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம் அது. மீதிப் பாதி அக்காவின் புளிக்குழம்பு.

நாள் 2. ஒரு எண்ணுக்காக

வண்டி வாங்குவதற்கு முன்னால் ரூட் வாங்க வேண்டும். நம்ம ஊர் பான் எண் மாதிரி ஒரு வரி எண். ஆனால் ஆதார் மாதிரி எல்லா இடத்திலும் கேட்பார்கள். நேற்று மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கப் போனபோதே கேட்டார்கள். எண்களுக்குப் பிறகு ஒரு சிறு கோடு, அதன் பின்னால் ஒற்றை இலக்கம். எண்ணைத் தப்பாக எழுதினால் கண்டுபிடிக்க வைத்த சரிபார்ப்பு இலக்கம் அது. சில பேருக்கு அந்த இடத்தில் கே என்ற எழுத்து வரும்.

வரித்துறை அலுவலகம் மதியம் இரண்டு மணியோடு மூடிவிடும் என்பதால் காலையிலேயே போய் டோக்கன் எடுத்தோம். பாஸ்போர்ட், நேற்று தந்த சீட்டு, பூர்த்தி செய்த 4415 படிவம், உள்ளூர் முகவரி. எனக்குப் பொறுப்பேற்க இங்கே வசிக்கும் ஒருவரும் வேண்டும், அதற்கு அக்கா கையெழுத்துப் போட்டார். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும், என் பெயர் குறுக்கே வராமல் இருந்தால்.

இங்கே எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர். முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். எனக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. ஊரில் நான் ஒரு இனிஷியலும் ஒரு பெயரும்தான். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று போட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் நான் அதை மாற்றவில்லை. "இரண்டாவது குடும்பப் பெயர்?" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண்மணி. இல்லை என்றேன். "யாருக்கும் இல்லாமல் இருக்காதே" என்பதுபோல் பார்த்தார். அக்கா ஸ்பானிஷில் ஏதோ நீளமாக விளக்கினார். பாதி நேரம் தமிழ்நாட்டு அரசியல் வரலாறு போலிருந்தது. கடைசியில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுத் தற்காலிக எண் கொடுத்துவிட்டார்.

போகும்போது "யா, போ" என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. வேலை முடிந்ததும் இப்படியா விரட்டுவது? வெளியே வந்து அக்கா சிரி சிரி என்று சிரித்தார். 'யா போ' என்றால் இங்கே 'சரிப்பா' என்று அர்த்தமாம். நம் 'பா' மாதிரி இவர்கள் எல்லா வாக்கியத்துக்கும் ஒரு 'போ' ஒட்டிவிடுவார்கள். அலுவலக வாசலில் தள்ளுவண்டியில் சொப்பைப்பில்லா சுட்டுக்கொண்டிருந்தார்கள். மாவில் பரங்கிக்காய் பிசைந்து, அதிரசம் போலத் தட்டி எண்ணெயில் பொரிப்பது. ஆளுக்கு நான்கு.

நாள் 4. லீரா தெரு

சென்னையில் புதுப்பேட்டை எப்படியோ அப்படி, இங்கே பைக்குக்கு லீரா தெரு. இரண்டு பக்கமும் பைக் கடை, டயர் கடை, ஹெல்மெட் கடை, நடைபாதையில் கை முழுக்கக் கிரீஸோடு மெக்கானிக்குகள். பஜாஜ் பல்சரும் டொமினாரும் நிற்பதைப் பார்த்ததும் ஏதோ தாம்பரத்தில் நிற்பது போலிருந்தது.

புது வண்டி வாங்கினால் முதல் பதிவைக் கடைக்காரரே செய்து கொடுத்துவிடுவார். வேலை மிச்சம். என் பட்ஜெட்டுக்குப் பழசுதான். வட சிலியில் இக்கிக்கே ஊரின் வரியில்லா மண்டலத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். அக்கா உடனே மறுத்தார். அங்கே வாங்கும் வண்டிக்கு வரிச் சலுகை அந்தப் பகுதிக்கு மட்டும்தான், நாட்டின் மற்ற இடங்களில் சுதந்திரமாக வைத்துக்கொள்ளவோ விற்கவோ முடியாது. போகிற வழியில் சாண்டியாகோவில் விற்றுவிட்டு ஊருக்குத் திரும்ப நினைப்பவருக்கு அது ஒத்துவராது.

விளம்பரத்தில் பார்த்த வண்டியை இந்தத் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லியிருந்தோம். விற்பவர் ஒரு நர்ஸ், இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். வண்டி ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன், 411 சி.சி. மெக்கானிக் டார்ச் அடித்து ஹேண்டில் கழுத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணைப் படித்தார். முதல் மூன்று எழுத்து எம், ஈ, 3. இந்தியாவில் செய்த என்ஃபீல்ட் என்று அர்த்தம். நான் வேலைக்குப் போகும் பேருந்து தினமும் ஒரகடம் வழியாகத்தான் போகும். அங்கே புதுப் பைக்குகளை ஏற்றிக்கொண்டு கண்டெய்னர் லாரிகள் திரும்பும்போதெல்லாம் சிக்னலில் சபித்திருக்கிறேன். அதில் ஒன்றாகக்கூட இது இருந்திருக்கலாம். உலகத்தின் அடுத்த கோடிக்கு வந்து பக்கத்து ஊர்ப் பொருளை வாங்குகிறேன்.

விலை 28 லட்சம் பெசோ. நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம். பேரம் பேச வாயெடுத்தேன், அக்கா காலை மிதித்தார்.

நாள் 7. கைநாட்டு

இன்று நோத்தாரியா. நம்ம ஊரில் கோர்ட் வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் நோட்டரியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே நோட்டரி அலுவலகம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சமம். கண்ணாடிக் கூண்டுகள், டோக்கன், வரிசை வரிசையாக நாற்காலிகள், அலுத்த முகங்கள்.

போவதற்கு முன்பே அக்கா இரண்டு சான்றிதழ் எடுத்து வைத்திருந்தார். ஒன்று, வண்டி இப்போது யார் பெயரில் இருக்கிறது, கடனோ தடையோ இருக்கிறதா என்று காட்டுவது. நம்ம வில்லங்கச் சான்றிதழேதான். இன்னொன்று, கட்டாத போக்குவரத்து அபராதங்களின் பட்டியல். இந்த இரண்டாவதை யாரும் விட்டுவிடக்கூடாது. சாண்டியாகோவின் நகர விரைவுச் சாலைகளில் சுங்கச்சாவடியே கிடையாது, நம் ஃபாஸ்டேக் போன்ற டாக் கருவி மட்டும்தான். அது இல்லாமல் ஓடியவர்களின் அபராதம் வண்டி எண்ணின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். நர்ஸ் வண்டி சுத்தம்.

பணத்தை முன்பே வங்கி வழியாக அக்கா கணக்குக்கு அனுப்பியிருந்தேன். அதில் வாலே விஸ்தா எடுத்தோம், அதாவது டி.டி. பழைய வண்டி கைமாறும்போது விலையில் ஒன்றரை சதவீதம் வரி. அரசு மதிப்பீடு விலையைவிட அதிகமென்றால் அதன்மேல் கணக்கு. எங்களுக்கு 42,000 பெசோ.

ஒப்பந்தத்தில் பெயர், நாடு, தொழில், மணமானவரா இல்லையா எல்லாம் எழுத வேண்டும். மணமானவர் என்றதும் எழுத்தர் நிமிர்ந்து, சொத்து கணவரோடு சேர்த்தா, தனியா என்று கேட்டார். பைக் வாங்க வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வி. தனி என்றேன், கணவர் கேட்காத தூரத்தில் இருக்கும் தைரியத்தில். பிறகு பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிக் கடகடவென்று தட்டச்சு செய்தார். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். உடனே மைப்பெட்டியை நகர்த்தி வலது கட்டை விரலைக் கேட்டார். இங்கே கையெழுத்தோடு கைநாட்டும் வைக்க வேண்டுமாம். எங்கள் பாட்டி ரேஷன் கடையில் வைப்பாள், நான் எம்.ஏ. முடித்துவிட்டு வைத்தேன்.

நர்ஸ் சாவியைக் கொடுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து விடைபெற்றார். வண்டி என்னுடையது!

நாள் 8 முதல் 16 வரை

எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை. நோட்டரி அனுப்பிய விண்ணப்பம் சிவில் பதிவகத்தில் இருக்கிறது. அங்கே ஏற்றுக்கொண்டால்தான் என் பெயரில் பத்ரோன் வரும். பத்ரோன்தான் இந்த ஊர் ஆர்.சி. புக். அதுவரை விண்ணப்பத்தின் நகலை வைத்து ஊருக்குள் ஓட்டலாம். எல்லை தாண்டத்தான் பத்ரோன் வேண்டும். வண்டி வேறு ஒருவர் பெயரில் இருந்தால், வெளிநாட்டுக்கு எடுத்துப்போக அவர் நோட்டரி முன்பு எழுதிக்கொடுத்த அனுமதி தேவை.

இந்த இடைவெளியில் காப்பீட்டைப் படித்தேன். கட்டாயக் காப்பீட்டின் பெயர் சோஆப். அக்கா முதல்முறை சொன்னபோது குளியலறையில் இருக்கிறது என்றேன். அது 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வந்தது. விபத்தில் காயம்பட்டவருக்கு மருத்துவச் செலவு, உயிர் போனால் இழப்பீடு. ஓட்டியவர், பின்னால் உட்கார்ந்தவர், நடந்துபோனவர் என்று எல்லா மனிதருக்கும் உண்டு, தப்பு யார்மேல் என்ற கேள்வி இல்லாமல். உச்சவரம்பு 300 யூ.எஃப். யூ.எஃப். என்பது விலைவாசியோடு தினமும் நகரும் ஒரு கணக்கு அலகு. வீட்டு வாடகையைக்கூட இங்கே பலர் அதில்தான் பேசுகிறார்கள்.

ஆனால் எதிரே நிற்கும் காரை நான் இடித்துவிட்டால் சோஆப் ஒரு பெசோ தராது. பொருள் சேதத்துக்கும் திருட்டுக்கும் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். நாங்கள் கேட்டுப் பார்த்த இரண்டு இடத்திலும் இந்த நாட்டு அடையாள அட்டை இல்லாதவருக்கு, அதுவும் பைக்குக்கு, தர விருப்பமில்லை. சரி, பூட்டு ஒன்று பெரிதாக வாங்கிக்கொண்டேன். ஊரில் எடுத்து வந்த பயணக் காப்பீட்டையும் பொடி எழுத்துவரை படித்தேன். செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் எதுவும் கிடையாது என்று இருக்கிறது. நல்லவேளை, ஆர்.டி.ஓ.வில் 1,000 ரூபாய் கட்டிச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்திருந்தேன். நம் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி ஆனது. சிலி, ஆர்ஜென்டினா இரண்டுமே அந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. வியட்நாம் 1968 ஒப்பந்தத்து அனுமதியை மட்டும்தான் ஏற்கும், அங்கே இதே அட்டை வெறும் காகிதம்.

நாள் 17. நிராகரிப்பு

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணம்: வாங்குபவர் பெயர் பொருந்தவில்லை.

நோட்டரி அலுவலக எழுத்தர் பாஸ்போர்ட்டைப் பின்னால் புரட்டினார் என்று எழுதினேன் அல்லவா? நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா பெயர் இருக்கும். இரண்டாவது குடும்பப் பெயர் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் அதை என் பெயரோடு சேர்த்துவிட்டார். ஒப்பந்தத்தில் நான் அப்பா, அம்மா இருவரின் பெண். வரித்துறைப் பதிவில் அப்பாவின் பெண் மட்டும். கணினிக்கு அது இரண்டு வேறு ஆட்கள்.

படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டேன்? பார்த்தேன். அம்மா பெயரை அரசாங்கத் தாளில் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, சும்மா விட்டுவிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தோசையை மட்டும் சத்தமாகத் திருப்பினார்.

நாள் 18

நர்ஸ் மறுபடியும் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்தார், இரண்டாம் தடவையும் முகம் சுளிக்காமல் விரல் வைத்தார். எழுத்தர் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் திருத்தத்துக்குக் காசும் கேட்கவில்லை. அம்மா பெயரை எடுத்தாகிவிட்டது. ராத்திரி போனில் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அந்த வண்டில எனக்குப் பங்கு இல்லைங்கறே" என்றார்.

நாள் 26. மார்ச் கூட்டம்

பத்ரோன் வந்துவிட்டது. அக்கா அலுவலகத்தில் அச்செடுத்து வந்தார். வண்டி எண், இயந்திர எண், சேசிஸ் எண், என் ரூட். உரிமையாளர் என்ற இடத்தில் குடும்பப் பெயர்தான் முதலில். அதனால் முதல் பார்வைக்கு வண்டி அப்பாவுடையது. ஐம்பது வயது வரை டி.வி.எஸ். 50யைத் தவிர வேறு எதையும் தொடாத மனிதர்.

நான் வந்த மாதம்தான் தப்பு. பைக்குக்கும் காருக்கும் ஆண்டு ஓட்டு அனுமதி, சோஆப் இரண்டும் இங்கே மார்ச் 31 அன்று முடிகின்றன. நாடு முழுக்க ஒரே மாதத்தில் புதுப்பிக்கிறது. இந்த அனுமதிப் பணம் நகராட்சிக்குப் போகிறது, எந்த நகராட்சியில் வேண்டுமானாலும் கட்டலாம். அதனால் நகராட்சிகள் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி விளம்பரம் செய்து, மால்களில் மேசை போட்டு ஆள் பிடிக்கின்றன. ஒரு மாலில் ஐஸ்கிரீம் கடைக்கும் உள்ளாடைக் கடைக்கும் நடுவில் நின்று என் சாலை வரியைக் கட்டினேன். பழைய அனுமதி, புது சோஆப், நர்ஸ் முடித்து வைத்திருந்த வாகனத் தகுதிச் சான்று, அபராத பாக்கி இல்லாமை. நான்கையும் பார்த்து ஐந்து நிமிடத்தில் தாளைக் கொடுத்தார்கள். சோஆப்புக்கு மட்டும் மனம் வலித்தது. அக்கா காருக்குக் கட்டியதைப்போலப் பல மடங்கு. இரண்டு சக்கரத்தில் போகிறவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள், வேறென்ன.

நாள் 28, மார்ச் 31. லாஸ் ஆந்தெஸ்

அக்கா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தோடு கிளம்பி, மலையடிவார ஊரில் தங்கல். சோஆப் சிலி எல்லைக்குள் மட்டும்தான். ஆர்ஜென்டினாவில் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டக்கூடாது. இங்கேயே இணையத்தில் நாள் கணக்கில் விற்கிறார்கள். முப்பது நாளுக்கு எடுத்து, தாளில் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

நாள் 29, ஏப்ரல் 1. மலைமேல்

இந்த மலைச் சாலைக்குப் பெயர் கராகோலெஸ், அதாவது நத்தைகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைவுகள். வால்பாறைச் சாலையில் பழகிய கைக்கு வளைவு பயமில்லை, லாரிகள்தான் பயம். வளைவில் மொத்தச் சாலையையும் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் பாதியில் 'ஆர்ஜென்டினா' என்று பலகை. வெளியே வந்தால் மலையின் நிறமே மாறிவிடுகிறது. சுமார் 3,200 மீட்டர் உயரம், தலை லேசாகக் கனத்தது, விரல் மரத்தது.

ஓர்கோனெஸ் சோதனைச் சாவடியில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சிலி சுங்க அதிகாரி பத்ரோனைப் பார்த்து, அப்பாவின் பெயரைத் திக்கித் திணறி வாசித்து, "சென்யோர்", அதாவது 'ஐயா', என்று கூப்பிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினேன். "இவர் எங்கே? அனுமதிக் கடிதம்?" என்றார். பாஸ்போர்ட்டைத் திறந்து குடும்பப் பெயர் வரியில் விரலை வைத்தேன். இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பின்னால் ஒரு பேருந்துக் கூட்டமே காத்திருந்தது. அவர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டியபோது எனக்கு உள்ளே பகீரென்றது. அம்மா பெயரைப் பார்த்தார், பத்ரோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யா, போ" என்றார்.

போனேன். பக்கத்து ஜன்னலில் ஆர்ஜென்டினாக்காரர் காப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கி, தேதியை மட்டும் பார்த்துத் திருப்பித் தந்தார். வெளியே மேகம் விலகி 6,961 மீட்டர் அக்கோன்காகுவா சிகரம் தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், எலுமிச்சைச் சாதம் ஆறிப் போனது.

நாள் 30, ஏப்ரல் 2. மெண்டோசா

தெருவுக்கு இருபுறமும் மரம், மரத்தடியில் வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர்கூட ஓடுகிறது. பத்ரோனைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், பேரைப் பாருங்க என்று. நீல டிக் விழுந்து பத்து நிமிடம் பதிலே இல்லை. பிறகு போனே வந்தது.

"ஒரிஜினலைக் கையில வச்சுக்கிட்டா சுத்தறே? ஜெராக்ஸ் எடுத்தியா?"

எடுக்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போர் நினைவு நாளாம், பொது விடுமுறை. கடையெல்லாம் சாத்தியிருக்கிறது. நாளைக் காலையில் எடுத்துவிட்டுத் தெற்கே கிளம்புகிறேன்.